புரோஸ்டேட் புற்றுநோய்: பஸ் செலவையும் கணக்கில் சேருங்கள்

"கேன்சர்" என்று ரிப்போர்ட் வந்துவிட்டால் நம்மூர் வீடுகளில் வழக்கமாக இரண்டு காரியம் நடக்கும். ஒன்று, நோயாளிக்கே தெரியாமல் மறைப்பது. இன்னொன்று, "உடனே ஆபரேஷன் பண்ணி எடுத்துடுங்க டாக்டர்" என்று மகனோ மருமகனோ கையெழுத்துப் போடுவது. யாருக்கு நோயோ அவரிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்பதில்லை!

சில புற்றுநோய்களில் இந்த அவசரத்துக்கு நியாயம் இருக்கிறது. புரோஸ்டேட் புற்றுநோயில் பல பேருக்கு அது தேவையே இல்லை. இங்கே யோசிக்க நேரம் உண்டு, வழிகளும் ஒன்றுக்கு மேல் உண்டு. அதனால்தான் தேர்வு செய்யும் உரிமை நோயாளிக்கு வேண்டும்.

முதலில் விஷயம் என்னவென்று பார்த்துவிடலாம். புரோஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே, நெல்லிக்காய் அளவில் இருக்கும் சுரப்பி. வயதாக ஆக அது பெரிதாகும். பெரிதானதெல்லாம் புற்றுநோய் அல்ல. பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை சந்தேகத்தைக் கிளப்பும், அவ்வளவுதான். உறுதி செய்வது பயாப்சி. அதில் வரும் க்ளீசன் மதிப்பெண்தான் நோய் ஆமையா முயலா என்று சொல்லும்.

நோய் சுரப்பிக்குள்ளேயே இருந்தால் மூன்று வழிகள். அறுவை செய்து சுரப்பியை எடுப்பது, கதிர்வீச்சு கொடுப்பது, அல்லது எதுவும் செய்யாமல் பி.எஸ்.ஏ. பார்த்துக்கொண்டே கண்காணிப்பது. மூன்றாவதைக் கேட்டதும் "என்னது, கேன்சரை வச்சுக்கிட்டு சும்மா இருக்கிறதா?" என்று பலருக்குப் பதறும். ஆனால் பிரிட்டனில் இதை உட்கார்ந்து அளந்தே பார்த்துவிட்டார்கள். 1643 ஆண்களை மூன்று பிரிவாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு வழி. 'புரோடெக்ட்' என்று பெயர். 15 வருட முடிவு 2023-ல் வந்தது. மூன்று பிரிவிலும் இந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு 3 பேர் அளவில்தான். கண்காணிப்பில் இருந்தவர்களுக்கு நோய் பரவியது கொஞ்சம் அதிகம் (நூற்றுக்கு 9 பேர், மற்ற இரண்டில் 5 பேர்). அவர்களில் பாதிக்கு மேல் பின்னாளில் ஏதாவது ஒரு சிகிச்சைக்குப் போகவும் செய்தார்கள். ஆனால் சாவு எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் வரவில்லை.

வித்தியாசம் வந்தது வாழ்க்கையில். அறுவை செய்துகொண்டவர்களுக்குச் சிறுநீர்க் கசிவும் தாம்பத்தியச் சிக்கலும் அதிகம். கதிர்வீச்சில் மலம் கழிப்பதில் தொந்தரவு. கண்காணிப்பில் இருப்பவர்களில் சிலருக்கு அடுத்த ரிப்போர்ட் என்ன சொல்லுமோ என்ற கவலை வரலாம். இதில் எது பரவாயில்லை என்று டாக்டரால் சொல்ல முடியுமா? அதோடு வாழப்போகிறவர்தான் சொல்ல வேண்டும்.

இன்டெல் கம்பெனியின் தலைவராக இருந்த ஆண்டி க்ரோவ் செய்தது இதைத்தான். 1995-ல் அவருக்கு இந்த நோய் தெரிந்தது. ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தானே படித்தார், பல டாக்டர்களைப் பார்த்தார், கடைசியில் அறுவையை விட்டுவிட்டு ஒருவகைக் கதிர்வீச்சைத் தேர்ந்தெடுத்தார். அந்தக் கதையை 1996-ல் 'ஃபார்ச்சூன்' பத்திரிகையில் எழுதினார். அதற்குப் பிறகு இருபது வருடம் வாழ்ந்து, 2016-ல் 79 வயதில் இறந்தார்.

சரி, அவர் கோடீஸ்வரர். விருத்தாசலம் பக்கத்தில் நல்லூரில் இருக்கும் 68 வயது முந்திரி விவசாயிக்கு இது சரிப்படுமா?

அவருக்குக் கணக்கே வேறு. பி.காம். படிப்பவர்களுக்கு வாய்ப்புச் செலவு என்ற பாடம் உண்டு. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது எதை இழக்கிறோமோ அதுவும் செலவுதான். புதுச்சேரி ஜிப்மர் நல்லூரிலிருந்து நூறு கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருநூறுக்கு மேல். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை சிகிச்சைச் செலவைத் தாங்கலாம். ஆனால் தங்குமிடம், சாப்பாடு, துணைக்கு வரும் மகனின் கூலி, பறிக்க ஆளில்லாமல் தோப்பில் உதிர்ந்து கிடக்கும் முந்திரி... இதெல்லாம் எந்த பில்லிலும் வராது. வராததாலேயே பாதி சிகிச்சையில் ஊருக்குத் திரும்பிவிடும் ஆபத்து இருக்கிறது.

இங்கேதான் சரியான கேள்வி கேட்டால் பலன் கிடைக்கும். முன்பெல்லாம் கதிர்வீச்சு என்றால் 37 தடவை, ஏழு வாரத்துக்கு மேல். 20 தடவையில், நான்கே வாரத்தில் முடித்தாலும் பலன் குறைவதில்லை என்று 2016-ல் ஓர் ஆய்வு காட்டியது. தகுந்த நோயாளிகளுக்கு 5 தடவையே போதும் என்று 2024-ல் இன்னொன்று. இதற்குத் தக்க கருவியும் வேண்டும், நோயின் நிலையும் ஒத்துவர வேண்டும். ஆனால் "எனக்குக் குறைந்த நாளில் முடிக்க முடியுமா டாக்டர்?" என்று கேட்பதற்குக் காசில்லையே! பங்குனி, சித்திரையில் முந்திரி அறுவடை என்றால், அது முடிந்து ஆரம்பிக்கலாமா என்றும் கேட்கலாம். மெதுவான நோயாக இருந்தால் சில வாரம் தள்ளுவதில் பெரும்பாலும் பாதகமில்லை. ரயிலில் புற்றுநோயாளிகளுக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. விருத்தாசலம் ஜங்ஷனிலிருந்து சென்னைக்கு நேர் ரயிலும் உண்டு.

இன்னொரு உண்மையையும் மறைக்கக் கூடாது. நம் நாட்டில் பலருக்கு நோய் எலும்புக்குப் பரவிய பிறகுதான் தெரிகிறது. அவர்களுக்கு மேலே சொன்ன பிரிட்டன் கணக்கு பொருந்தாது. ஆண் ஹார்மோனை அடக்குவதுதான் அங்கே அடிப்படை. 1941-லேயே சார்லஸ் ஹக்கின்ஸ் இதைக் கண்டுபிடித்தார், 1966-ல் நோபல் பரிசும் வாங்கினார். அதற்கு இரண்டு வழி. மாதம் ஒன்றோ மூன்று மாதம் ஒன்றோ ஆயுள் முழுக்க ஊசி. அல்லது விரைகளை எடுக்கும் ஒரு சின்ன ஆபரேஷன், ஒரே தடவை. ஹார்மோனைக் குறைப்பதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அதோடு இப்போது மாத்திரைகளும் சேர்க்கிறார்கள். குணமாகாது, ஆனால் வருடக்கணக்கில் வாழலாம்.

ஆபரேஷன் என்றால் "ஆம்பளைக்கு அவமானம்" என்று ஒதுக்குகிறார்கள். ஊசிக்குப் போய், பணமோ பஸ்ஸோ இல்லாத மாதம் நிறுத்திவிடுகிறவர் இழப்பது அதைவிடப் பெரிது. அதே சமயம், அவர் கூச்சத்தை மதிக்காமல் "உங்களுக்கு இதுதான் மலிவு" என்று தள்ளிவிடுவதும் தப்பு. இரண்டையும் சொல்லி, அவர் வாயால் பதில் வர விட வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள் அதிகமில்லை. நோய் சுரப்பிக்குள் இருக்கிறதா, பரவிவிட்டதா? சும்மா கண்காணித்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு வழியிலும் சிறுநீர், மலம், தாம்பத்தியம் எப்படி இருக்கும்? மொத்தம் எத்தனை நாள் வர வேண்டும்? (ஒரு எச்சரிக்கை: நோய் தெரிந்த ஒருவருக்குத் திடீரென்று கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ யோசிக்க நேரமில்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரி.)

அரசு செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. கண்காணிப்பு என்பது மாதக்கணக்கில் ரத்தம் கொடுப்பது. ஒரு பி.எஸ்.ஏ. பரிசோதனைக்காக யாரும் நூறு கிலோமீட்டர் போகக் கூடாது. ரத்தத்தைப் பக்கத்து அரசு மருத்துவமனையில் எடுத்து, முடிவைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினால் போதும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ரத்தக் குழாயும் அப்படி ஊரிலிருந்து போகலாமே? அது நடக்காதவரை, கண்காணிப்பு என்ற வழி நல்லூர்க்காரருக்குக் காகிதத்தில்தான் இருக்கும்.

தாத்தாவுக்கோ அப்பாவுக்கோ இப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால் முதலில் அதை அவர் கையில் கொடுங்கள். நிலத்துக்கும் நகைக்கும் கணக்குப் பார்த்துக் குடும்பத்தையே நடத்திய மனிதர்கள் அவர்கள். தன் உடம்புக்கும் கணக்குப் போடத் தெரியாதா என்ன?