யத்தீமுக்குத் தேவை கட்டடமா, மடியா?

காஸாவின் யத்தீம் பிள்ளைகளுக்காக நம் ஜமாஅத்களில் வசூல் நடக்கிறது. அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. அந்தப் பணம் எதற்குப் போகிறது என்றும் நாம் கேட்க வேண்டும்.

ருமேனியாவில் 1989-ல் சௌசெஸ்கு ஆட்சி வீழ்ந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அரசு விடுதிகளில் கிடந்தார்கள். உணவும் தொட்டிலும் இருந்தன; தூக்கிக் கொஞ்ச ஆளில்லை. 2000-ல் தொடங்கிய ஆய்வில் அத்தகைய 136 பிள்ளைகளில் பாதிப்பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். விடுதிப் பிள்ளைகளின் மூளை மின்னலைகள் பலவீனமாகவே இருந்தன. இரண்டு வயதுக்குள் வீடு சேர்ந்தவர்களோ எட்டு வயதில் மற்றப் பிள்ளைகளை ஏறக்குறைய எட்டிவிட்டார்கள்.

நபி (ஸல்) அவர்களும் யத்தீம்தான். தாயாருக்குப் பின் பாட்டனார் வீட்டிலும், பிறகு பெரிய தந்தை அபூதாலிப் வீட்டிலும் வளர்ந்தார்கள்.

யத்தீம்கானா எழுப்பும் செலவை, அங்கே பிள்ளையை ஏந்தி நிற்கும் பாட்டிக்கோ சித்திக்கோ மாதாமாதம் சேர்ப்பிக்க நம்மால் முடியாதா?