கல்லில் எழுதிய பெயர்கள்



கார்வேட்டிநகரத்திலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் பிழைப்பை நாடிப் புத்தூரில் இரயிலேறிச் சென்னைக்கு வந்தவர்கள் நம்மில் அநேகர். ஆனால் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் ஆலயத்தைப் பார்த்தவர்கள் வெகு சிலரே. ஆங்கிலேயர் கட்டிய அவ்வாலயம் 1680 அக்டோபர் 28 அன்று பிரதிஷ்டை செய்யப்பட்டது.

ஆலயத்தைச் சுற்றியுள்ள முற்றத்தில் கல்லறைக் கற்கள் தரைக்கற்களைப்போல வரிசையாகப் பதிந்திருக்கின்றன. குலச் சின்னங்களும் இலத்தீன், ஆங்கில எழுத்துக்களும் அவற்றில் செதுக்கப்பட்டுள்ளன. ஆனால் அக்கற்களின்கீழ் எவருடைய சரீரமும் இல்லை!

அடக்கம்பண்ணப்பட்ட இடம் கோட்டைக்கு வெளியே, பின்னாளில் சட்டக்கல்லூரி எழுந்த நிலத்தில் இருந்தது. 1758-59இல் லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, அங்கிருந்த உயர்ந்த கல்லறைகளையே மறைவாகக் கொண்டு போரிட்டது. முற்றுகை நீங்கியபின் ஆங்கிலேயர் கல்லறைகளை இடித்து, கற்களை ஆலய முற்றத்திற்குக் கொண்டுவந்தனர். ஆளுநர் எலிஹு யேலின் சிறு மகன் டேவிட் அடக்கம்பண்ணப்பட்ட கல்லறை அங்கேயே விடப்பட்டது.

முற்றத்துக் கற்களில் மிகப் பழமையானது 1652ஆம் ஆண்டினது. கோட்டையின் முதல் பிரசிடெண்டான ஆரன் பேக்கரின் மனைவி எலிசபெத்தின் கல் அது. இந்தியாவிலுள்ள ஆங்கிலேயர் கல்வெட்டுக்களில் இதுவே மூத்தது என்பர். கணவருடன் புறப்பட்ட அந்த அம்மையார் கடற்பயணத்திலேயே மரித்தார். குடியேறவேண்டிய ஊரில் அவருக்குக் கிடைத்தது ஒரு கல் மாத்திரமே.

வழியில் மரித்த ராகேலுக்கு யாக்கோபு கல் நாட்டியதை ஆதியாகமம் 35ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பிரயாணம் தொடரவேண்டும், ஆனாலும் பெயர் மறக்கப்படலாகாது என்பதே அதன் பொருள்.

நம் நிலை என்ன? ஊரில் தாத்தா பாட்டிமார் கிடக்கும் இடம் பல குடும்பங்களில் வெறும் மண்மேடு. வேலிகாத்தான் படர்ந்தபின் அடையாளம் காட்ட ஆளில்லை. நகரத்திலோ இடநெருக்கடியால் ஒரே குழியில் குடும்பத்தார் பலரை அடக்கம்பண்ணுகிறோம். பிள்ளைகளுக்குப் பாட்டனாரின் தகப்பன் பெயர் தெரிவதில்லை.

அதற்காகக் கடன்பட்டுச் சலவைக்கல் வைக்கவேண்டியதில்லை. கல்லும் இடம் பெயரும் என்பதைக் கோட்டை முற்றமே காட்டுகிறது. நம் நம்பிக்கையோ கல்லறையில் அல்ல, உயிர்த்தெழுதலில் இருக்கிறது. ஆயினும் பெயர்களைக் காப்பது நம் கடமை. இந்த வாரம் குடும்ப ஜெபம் முடிந்ததும் வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு, முன்னோரின் பெயர், ஊர், மரித்த ஆண்டு, அடக்கம்பண்ணப்பட்ட இடம் ஆகியவற்றை ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதுங்கள். சொல்லக்கூடியவர்கள் உயிரோடிருக்கையிலேயே எழுதுங்கள்.