ஒரே நாளில் ஆக்ரா வேண்டாமே!

கோடை விடுமுறை வந்துவிட்டால் தில்லித் தமிழர் வீடுகளில் விருந்தாளிகளுக்குக் குறைவிராது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலும் கிராண்ட் டிரங்கிலும் மாமா குடும்பம், சித்தி குடும்பம், நாத்தனார் குடும்பம் என்று வந்து இறங்குவார்கள். அவர்களுக்காக நாம் போடும் திட்டத்தில் மாறாத ஒரு வரி உண்டு: ‘ஒரு நாள் ஆக்ரா.’ விடியற்காலை கிளம்பி, தாஜ்மகாலைப் பார்த்து, கோட்டைக்குள் அரை மணி நேரம் ஓடி, ஒரு டப்பா பேட்டா வாங்கிக்கொண்டு இரவு பத்து மணிக்குள் வீடு. 2012-ல் யமுனா விரைவுச்சாலையும் 2016-ல் கதிமான் எக்ஸ்பிரஸும் வந்தபின் இது இன்னும் சுலபமாகிவிட்டது. நூறு நிமிடத்தில் ஆக்ரா! இந்தச் சுலபம்தான் அந்த ஊரைக் கெடுக்கிறது என்பது என் கட்சி.

சுற்றுலாப் பேருந்து தாஜ் வாசலில் கொண்டுபோய் விடுவது பெரும்பாலும் உச்சிவேளையில். மே மாத வெயிலில் வெள்ளைப் பளிங்கை யாரால் நிமிர்ந்து பார்க்க முடியும்? கண் கூசுகிறது, கால் சுடுகிறது, குழந்தை அழுகிறது. சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பே அங்கே கதவைத் திறந்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் கல்லின் நிறமே வேறு. அதைக் காண முந்தின இரவு ஆக்ராவில் இருந்தாக வேண்டும்.

தாஜோடு ஊர் முடிந்துவிடவுமில்லை. யமுனையின் மறுகரையில் இதிமாத்-உத்-தௌலாவின் கல்லறை இருக்கிறது. நூர்ஜஹான் தன் பெற்றோருக்காக எழுப்பியது, 1628-ல் முடிந்தது. வழிகாட்டிகள் இதைக் ‘குட்டி தாஜ்’ என்கிறார்கள். தாஜ் வேலை தொடங்கியதோ 1632-ல். தாய்க்கு முன்பே பிறந்த குட்டி! பளிங்கில் வண்ணக்கல் இழைக்கும் அந்த வேலைப்பாட்டைக் கையால் தொடும் தூரத்தில், கூட்ட நெரிசலின்றி இங்கே பார்க்கலாம். இதிமாத்-உத்-தௌலா என்ற பட்டம் பெற்ற மிர்சா கியாஸ் பேக், பிழைப்புத் தேடிப் பாரசீகத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர். வரும் வழியில் காந்தகாரில் பிறந்த பெண்தான் நூர்ஜஹான். மும்தாஜ் அவருடைய பேத்தி. ஊர் விட்டு ஊர் வந்து வேர்விட்ட நமக்கு, இந்தக் குடும்பக் கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்லத் தோன்ற வேண்டாமா?

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். ஆக்ரா ஒரு காலத்தில் இரும்பு வார்ப்படத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். புகையால் தாஜின் பளிங்கு கெடுகிறது என்று தொடரப்பட்ட பொதுநல வழக்கில், 1996 டிசம்பர் 30-ல் உச்சநீதிமன்றம் 292 தொழிற்சாலைகளை இயற்கை எரிவாயுவுக்கு மாறச் சொன்னது. முடியாவிட்டால் இடம்பெயரச் சொன்னது. பேட்டா காய்ச்சும் அடுப்புகளிலும் நிலக்கரி கூடாது என்றாயிற்று. தீர்ப்பைக் குறை சொல்லவில்லை. பளிங்கு மஞ்சளாவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? ஆனால் தாஜுக்காக அந்த ஊர் ஒரு விலை கொடுத்திருக்கிறது. பதிலுக்கு அது எதிர்பார்க்கக்கூடியது பயணிகளின் வரவைத்தான். அந்தப் பயணிகளோ ராச்சாப்பாட்டுக்கு முன்பே பஸ் ஏறிவிடுகிறார்கள். இருக்கும் இரண்டு மணி நேரத்திலும் கமிஷனுக்காகப் பெரிய கடை ஒன்றில் இறக்கிவிடப்பட்டு, மாக்கல்லைப் பளிங்கு விலைக்கு வாங்குகிறார்கள். தாஜுக்குத் தெற்கே தாஜ்கஞ்சின் சந்துகளில் அதே இழைப்பு வேலை செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. சாணைச் சக்கரத்தில் நகத்தளவு கல்லை இதழாகத் தேய்த்தெடுப்பதைக் கால்மணி நேரம் நின்று பார்த்தவர், பிறகு விலை பேசும் விதமே மாறிவிடும்.

“தங்கினால் செலவாகுமே, பெரியவர்களுக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா?” என்பார்கள். செலவு கூடும், மறுக்கவில்லை. ஒரு கடைத்தெருவைக் குறைத்துக்கொண்டால் சரிக்கட்டலாம். சாப்பாட்டுக்குப் புளியோதரையை நம்பிப் போகாதீர்கள். தாஜ் வாசலிலேயே தின்பண்டங்களைத் தடுத்துவிடுவார்கள். காலையில் உருளைக்கிழங்குக் கறியோடு தரும் காரப் பூரியும் சூடான ஜிலேபியும் அந்த ஊருக்கே உரியவை. பாட்டிக்குத் தயிரும் வாழைப்பழமும் எங்கும் கிடைக்கும்.

வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், தாஜ் அன்று பயணிகளுக்கு மூடியிருக்கும். எத்தனை குடும்பங்கள் இது தெரியாமல் போய், மதிலைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கின்றன! மாலையில் போய்ச் சேர்ந்து, இதிமாத்-உத்-தௌலாவைப் பார்த்துவிட்டு, அதே கரையில் உள்ள மெஹ்தாப் பாக் தோட்டத்திலிருந்து ஆற்றுக்கு அப்பால் தாஜ் மங்குவதைப் பாருங்கள். மறுநாள் விடியலில் தாஜ். பிறகு கோட்டை, 1658 முதல் 1666-ல் சாகும்வரை ஷாஜஹான் சிறையிருந்த இடம். அங்கே அரை மணி போதாது. அக்பரின் கல்லறை உள்ள சிக்கந்தரா, மதுரா வழியாகத் தில்லிக்கு வரும் பழைய சாலையிலேயே இருக்கிறது. வெள்ளைக் கோபுரங்கள் நான்கு நிற்கும் அதன் தெற்கு வாசலுக்காகவே வண்டியை நிறுத்தலாம்.