அளக்காமல் கைவிடலாகாது

மனச்சிதைவு நோயாளி ஒருவருக்கு மருந்து பலனளிக்கவில்லை என்று முடிவுகட்டுவதற்கு முன், அம்மருந்து அவருடைய இரத்தத்தில் எந்த அளவில் இருக்கிறது என்பதை அளந்தறிவது மருத்துவமனைகளின் கட்டாய நடைமுறையாக வேண்டும். மருந்துச்சீட்டில் எழுதப்படும் மில்லிகிராம் கணக்கு மூளையைச் சென்றடையும் மருந்தின் அளவைக் காட்டுவதில்லை.

பிற மருந்துகள் கைகொடுக்காதபோது தரப்படும் க்ளோசபைனையே எடுத்துக்கொள்ளலாம். இதைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைப் புகையிலைப் புகையிலுள்ள வேதிப்பொருள்கள் தூண்டிவிடுவதால், புகைபிடிப்பவரின் இரத்தத்தில் மருந்து குறைவாகவே தங்குகிறது. அவரே புகைப்பதை நிறுத்தினால், மாத்திரையின் அளவு மாறாமலிருந்தும் இரத்தத்திலுள்ள அளவு சில நாட்களிலேயே ஏறத்தாழ ஒன்றரை மடங்காகக்கூடும். கடும் தொற்றுக் காய்ச்சலும் இவ்வாறே அதை உயர்த்தும். கடைசி வேளை மருந்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுக்கப்படும் இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 350 நானோகிராமுக்குக் குறையாமல் க்ளோசபைன் இருக்கும்போதே நோய் தணியும் வாய்ப்பு மிகுதி என்பதும், 1000-ஐக் கடந்தால் நச்சு விளைவுகளும் வலிப்பும் நேரும் அபாயம் கூடுகிறது என்பதும் ஆய்வுகள் காட்டியவை. குறைந்த அளவிலேயே தேறுபவர்களும், உரிய அளவிலும் தேறாதவர்களும் உண்டு என்பதால், இந்த எண் உத்தரவாதம் ஆகாது. ஆயினும் இருளில் மருந்தைக் கூட்டுவதினும் குறைப்பதினும் அது மேலான வழிகாட்டி.

ஹாலோபெரிடால் என்னும் மற்றொரு மனச்சிதைவு மருந்து பற்றி 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த டொரன்டோ ஆய்வும் இதையே வேறு வழியில் உணர்த்தியது. மூளையில் டோபமைன் என்னும் வேதித்தூதைப் பெறும் ஏற்பிகளில் 65 விழுக்காட்டுக்கு மேல் மருந்து பற்றிக்கொண்டபோது நோயாளிகள் தேறும் வாய்ப்பு கூடியது. 78 விழுக்காட்டைத் தாண்டியபோது உடல் விறைப்பும் நடுக்கமும் மிகுந்தன. பலனுக்கும் துன்பத்துக்கும் இடையிலுள்ள வெளி இவ்வளவு குறுகியது என்றால், அளவீடின்றி மருந்தைக் கூட்டுவது நோயாளியின் உடல்மீது நடத்தப்படும் சோதனையே.

மருந்துக்கு அடங்காத நோய் என்று கருதப்பட்டவர்களை லண்டனில் சோதித்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒருவரின் இரத்தத்தில் மருந்து போதிய அளவில் இல்லை. சிலரிடம் தடயமே இல்லை. அதற்காக நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாகாது: பக்கவிளைவோ, செலவோ, உடலின் இயல்போ காரணமாயிருக்கலாம், அதை அறிந்து தீர்ப்பதே சிகிச்சை.

க்ளோசபைன் உட்கொள்வோருக்கு வெள்ளையணுக்களின் எண்ணிக்கையைச் சோதிக்க இந்தியாவில் ஏற்கெனவே முறையாக இரத்தம் எடுக்கப்படுகிறது. அதே வேளையில் மருந்தளவையும் அறிய மாதிரி எடுத்து அனுப்பலாம். மண்டலத்துக்கு ஓர் ஆய்வகமேனும் அமைத்து, அரசு மருத்துவமனைகளில் இச்சோதனையை இலவசமாக்க மாநில அரசு முன்வர வேண்டும்.