உயிர் உரம் உயிரோடு வரட்டும்!



50 கிலோவாக இருந்த யூரியா மூட்டையை 2018-ல் 45 கிலோ ஆக்கினார்கள். மூட்டைதான் இளைத்தது, மண்ணின் பசி குறையவில்லை. கொழுஞ்சி, சணப்பை மடக்கி உழுது, ஆட்டுப்பட்டி போட்டு, வண்டி வண்டியாய்க் குப்பை அடித்த பூமிங்க இது. மாடு போச்சு, குப்பையும் போச்சு.

இப்போது அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா போடுங்கள் என்கிறார்கள். வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஒன்று காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருகிறது. மற்றது மண்ணில் கட்டிக் கிடக்கும் மணிச்சத்தைக் கரைக்கிறது. ஹெக்டேருக்கு 2 கிலோவை 25 கிலோ மக்கிய எரு, 25 கிலோ மண்ணோடு கலந்து தூவச் சொல்கிறது கோவை வேளாண் பல்கலைக்கழகம். எருவே இல்லாத காட்டில் அந்தப் பூச்சி எதைத் தின்னு பிழைக்கும்?

அது உயிருள்ள சரக்கு. 2006-ல் உயிர் உரங்களும் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்துவிட்டன. தூள் என்றால் கிராமுக்குக் குறைந்தது 5 கோடி, திரவம் என்றால் மில்லிக்கு 10 கோடி உயிரணுக்கள் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் யூரியா மூட்டையோடு அடுக்கி வைத்தால் எத்தனை மிஞ்சும்? காலாவதியாகப் பத்து நாள் இருக்கையில் நம் தலையில் கட்டிவிட்டு, "இயற்கை உரம் வேலை செய்யாது" என்று பேச்சு வேறே!

நாம் கேட்பது இதுதான். உயிர் உரம் வைக்க வெக்கை இல்லாத கிடங்கு வேண்டும். வட்டாரந்தோறும் மாதிரி எடுத்துச் சோதித்து, முடிவை விரிவாக்க மைய வாசலிலேயே ஒட்ட வேண்டும். யூரியா கம்பெனிக்குப் போகும் மானியம்போல், மாடு வைத்து எருப் போடுகிறவனுக்கும் ஏக்கர் கணக்கில் கொடுக்க வேண்டும். இல்லையென்றால், செத்த பாக்கெட்டுகளைச் சுமந்துகொண்டு அடுத்த குறைதீர் கூட்டத்துக்கு ஆட்சியர் அலுவலகம் வருகிறோம்.