ஜெபத்துக்கு அப்புறம் போதகர் என்ன சொல்றார்?

சுகமளிக்கும் கூட்டத்தில் கைவைத்து ஜெபிச்சாச்சு. நோய் போகலை. அப்போ போதகர் என்ன சொல்லணும்? கரிஸ்மாட்டிக் எழுப்புதலில் ஒரு போதகரின் நிஜமான வேலை இங்கேதான் ஆரம்பிக்குதுன்னு நினைக்கிறேன். இங்கிலாந்துல 40 வருஷத்துக்கு முன்னாடி நடந்ததை வச்சுச் சொல்றேன். கொஞ்சம் நீளமான த்ரெட்.

டேவிட் வாட்சன். ஆங்கிலிக்கன் போதகர். 1965-ல் யார்க் நகரத்தின் செயின்ட் கத்பர்ட்ஸ் ஆலயத்துக்கு வந்தார். ஞாயிறு ஆராதனைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். மூடிவிடலாமா என்று பேசிக்கொண்டிருந்த சபை. எட்டே வருஷத்தில் இடம் போதாமல், 1973-ல் பேராலயத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் செயின்ட் மைக்கேல் லெ பெல்ஃப்ரி ஆலயத்துக்கு மாறினார்கள். (பாராளுமன்றத்தையே வெடிமருந்து வச்சுத் தகர்க்கப் பார்த்த கை ஃபாக்ஸுக்கு ஞானஸ்நானம் கொடுத்த இடம் அது!)

பரிசுத்த ஆவியின் வரங்கள், சுகத்துக்காக ஜெபம், ஆராதனையில் நாடகம், நடனம்... பிரிட்டனில் இந்த எழுப்புதலின் முக்கியமான முகம் அவர். அதே மனிதர் ஆஸ்துமா நோயாளியும்கூட.

1983 ஜனவரியில் அவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் தெரியவந்தது. ஆபரேஷன் செய்தபோது கல்லீரலுக்கும் பரவியிருந்தது.

ஏன் கல்லீரல்? குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் பெரும்பாலும் போர்ட்டல் சிரை வழியா நேரா கல்லீரலுக்குத்தான் போகும். புற்றுசெல்களும் அதே பஸ்ஸில் ஏறி, முதல் நிறுத்தத்துல இறங்கிடும். இன்று இதற்குப் பல மருந்துகள் இருக்கு. சிலருக்குக் கல்லீரலின் அந்தப் பகுதியையே வெட்டி எடுத்துக் காப்பாத்துறோம். 1983-ல் கையில் இருந்தது ரொம்பக் கொஞ்சம்.

கலிஃபோர்னியாவிலிருந்து ஜான் விம்பர் பறந்து வந்தார். வின்யார்டு சபைகளின் தலைவர், சுகமளிக்கும் ஜெபத்துக்குப் பேர்போனவர். தன் குழுவோடு வாட்சன் மேல் கைவைத்து ஜெபித்தார். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் ஜெபித்தார்கள். குணமாகிவிடுவோம் என்று வாட்சனும் நம்பினார்.

1984 பிப்ரவரி 18-ல் இறந்துபோனார். வயசு 50.

இங்கே எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு விஷயம். ஒன்று, ஜெபத்தை நம்பிய அந்த மனிதர் கத்திக்குப் பயந்து ஓடலை, ஆபரேஷன் செய்துகொண்டார். அந்தக் கடைசி வருஷத்தின் நம்பிக்கை, பயம், ராத்திரியில் வந்த கேள்விகள் எல்லாத்தையும் எழுதியும் வைத்தார். அவர் இறந்த பிறகுதான் அந்தப் புத்தகம் வெளியானது.

இன்னொன்று விம்பர். இதை மூடி மறைப்பது அவருக்குச் சுலபம். "வாட்சனுக்கு விசுவாசம் போதலை" என்று சொல்லிட்டு அடுத்த மேடைக்குப் போயிருக்கலாம். மாறாக, சுகமளித்தலைப் பற்றிய தன் புத்தகத்திலேயே வாட்சனின் மரணத்தை எழுதினார். எல்லோரும் குணமாவதில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். 1993-ல் அவருக்கே புற்றுநோய் வந்தபோது ரேடியேஷன் எடுத்துக்கொண்டார்.

விம்பரின் இறையியலில் எனக்கு ஒப்புதல் இல்லாத இடங்கள் நிறைய உண்டு. ஆனால் இந்த நேர்மைக்கு எழுந்து நிற்பேன்.

ஏன் இதைச் சொல்றேன்னா, "விசுவாசம் குறைவு" என்கிற அந்த மூணாவது நோயை நாங்க வார்டில் பார்க்கிறோம். முதல் நோய் உடம்புல. இரண்டாவது, மருந்தை நிறுத்தியதால் வந்தது. டைப் 1 சர்க்கரை நோயாளி இன்சுலினை விட்டால் ஓரிரு நாளிலேயே கீட்டோஅசிடோசிஸ். வலிப்பு மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினால், நிற்காத வலிப்போடு ஐ.சி.யூ. மூணாவது, "நான் சரியா நம்பலையோ?" என்று தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மா. அதுக்கு என்கிட்ட மாத்திரை கிடையாது.

இதில் டாக்டரைவிடப் போதகருக்குத்தான் பலம் அதிகம். நாங்க பத்து நிமிஷம் பேசுவோம், அதுவும் அவசரமா. அவர் வீட்டுக்கு வருவார், சாவு வீட்டிலும் உட்கார்ந்திருப்பார். "மாத்திரையை விடாதீங்கம்மா, ஜெபமும் பண்ணுவோம்" என்று அவர் ஒரு தடவை சொன்னால் போதும், அது நடக்கும்.

போதகர்கள் யாராவது இதைப் படிச்சா ஒரு வேண்டுகோள். மேடையில் சாட்சி சொல்றவங்க எல்லோருமே குணமானவங்களா இருக்காங்க. அடுத்த கூட்டத்தில், இன்சுலின் போட்டுக்கிட்டே ஜெபிக்கிற ஒருத்தரையும் மைக் பக்கம் கூப்பிடுங்க.