இறங்கும் கல் தரும் மின்சாரம்

மின்சாரக் காரில் கெந்திங் மலைக்குப் போய் வந்தவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். ஏறும்போது பேட்டரி மளமளவென்று குறையும். இறங்கும்போதோ கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். காரின் எடையே சக்கரத்தைச் சுழற்ற, மோட்டார் மின்சாரம் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறது.

சிலி நாட்டில் இந்த வேலையைக் கற்கள் செய்கின்றன.

ஆண்டிஸ் மலைத்தொடரில், 3,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில், லோஸ் பெலாம்ப்ரெஸ் என்றொரு செம்புச் சுரங்கம். அங்கே வெட்டியெடுக்கும் கல்லைக் கீழே இருக்கும் ஆலைக்கு இறக்க வேண்டும். லாரியில் ஏற்றினால் டீசல் செலவு. போதாததற்கு வழி நெடுக பிரேக் பிடித்து, அத்தனை ஆற்றலும் வெறும் சூடாகப் போய்விடும். அதனால் 1999-இலேயே குகைப்பாதைகள் வழியாகக் கன்வேயர் பெல்ட் போட்டுவிட்டார்கள். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பெல்ட்டுகள், மொத்தம் ஏறக்குறைய 13 கிலோமீட்டர். இறக்கம் சுமார் 1,300 மீட்டர்.

பெல்ட் காலியாக இருக்கும்வரை மோட்டார்தான் அதை இழுக்க வேண்டும். கல் நிரம்ப நிரம்ப நிலைமை தலைகீழாகிறது. இப்போது பெல்ட் மோட்டாரைத் தள்ளுகிறது. மோட்டார் அதை ஓடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அப்படிப் பிடிக்கும்போது பிறக்கும் மின்சாரம் சுரங்கத்தின் மின்கம்பிக்கே போகிறது.

எவ்வளவு கிடைக்கும்? ஒரு டன் கல் 1,300 மீட்டர் இறங்கினால் சுமார் மூன்றரை யூனிட். வீட்டிலுள்ள ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் நான்கு மணி நேரம் ஓடலாம். உராய்வில் ஒரு பங்கு போனாலும், இந்த பெல்ட் மணிக்கு 8,700 டன் வரை இறக்கும்படி வடிவமைக்கப்பட்டது என்பதை மறக்க வேண்டாம்.

எனக்கு இதில் வியப்பைவிடப் பயம்தான் அதிகம். முழுச் சுமையில் பெல்ட்டின் மேல் ஏறத்தாழ 5,000 டன் கல் இருக்கும், நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில். அந்த நேரத்தில் மின்சாரம் துண்டித்துவிட்டால்? மோட்டார் தரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள ஆளில்லை. அதன் பிடியும் போய்விடும். கல் தன் பாட்டுக்கு வேகமெடுக்கும். அப்போது பெரிய டிஸ்க் பிரேக்குகள் தாமாகவே பிடிக்க வேண்டும். மெதுவாகப் பிடித்தால் பெல்ட் கைமீறிப் போய்விடும். சடாரென்று பிடித்தால் கல் சிதறும், பெல்ட்டும் பாழாகும். இறக்கத்தில் ஓடும் பெல்ட்டை வடிவமைப்பவர்களின் தூக்கத்தைக் கெடுப்பது மின்சாரக் கணக்கு அல்ல, இந்த பிரேக்தான்.

இதைக் காட்டிச் சுரங்கத்துக்குப் பச்சைச் சாயம் பூசினால் நம்பிவிடாதீர்கள். இறங்கி வந்த கல்லை ஆலையில் மாவாக அரைக்க வேண்டும். செம்புச் சுரங்கங்களில் அதற்கு டன்னுக்குப் பத்து யூனிட்டுக்கு மேலேயே பிடிக்கும். கல் கொண்டுவரும் மூன்றரை யூனிட், தன்னை அரைக்கும் கூலியில் ஒரு பகுதிக்குத்தான் காணும்.